பிரிக்க வந்த சட்டைகள்

தையல்கடை மேஜையில் இரண்டு கால்பந்துச் சட்டைகள் வந்து விழுந்தன. ஒன்று பெரியது. இன்னொன்று கைக்குட்டை அளவே இருந்தது.

“ரெண்டுலயும் முதுகுல இருக்கிற பேரைப் பிரிச்சிடுங்கண்ணே,” என்றான் வந்தவன்.

காலையிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இதற்குத்தான் வருகிறார்கள்.

“போன மாசம் இதே பேரைத் தைக்கச் சொல்லி நின்னவர்தானே நீங்க?” என்றார் தையல்காரர்.

“அப்ப அவன் எங்களுக்குச் சாமி. நேத்து கடைசி பெனால்டியை வானத்துக்கு அடிச்சு மானத்தை வாங்கிட்டான். அவன் வீட்டு ஜன்னல் ஒண்ணைக்கூட நாங்க மிச்சம் வைக்கல.”

“குழந்தை சட்டையுமா?”

“கழட்ட மாட்டேன்னு ஒரே அழுகை. தூங்குறப்ப உருவிட்டு வந்தேன்.”

தையல்காரர் சட்டைகளைத் திரைக்குப் பின்னால் நீட்டினார். ஒரு கை வாங்கிக்கொண்டது. சற்று நேரத்தில் பெரிய சட்டை திரும்பி வந்தது.

“தைச்ச தடமே தெரியலையே. உள்ள யாரு?”

“என் தங்கச்சி மகன். சின்ன வயசுல லீவுக்கு வந்தா இதான் அவனுக்கு வேலை.”

“வேலை தெரிஞ்ச பையன். அந்தத் தண்டமும் பந்தை விட்டுட்டு இப்படி ஒரு தொழிலுக்குப் போயிருக்கலாம். சின்னதைச் சாயங்காலம் வாங்கிக்கிறேன்.”

அவன் போனதும் தையல்காரர் திரையை விலக்கினார். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடிய ஆட்டக்காரன், தன் பெயரிலிருந்து பிரித்த நூல்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தான்.

“வச்சிடுப்பா. இதை நீ செய்யணுமா?”

“கை சும்மா இருந்தா பைத்தியம் பிடிக்குது மாமா.” குட்டிச் சட்டையை அவரிடம் நீட்டினான். “இதை மட்டும் நீங்க பிரிச்சிடுங்க.”