மூன்று பட்டைத் தாடி

அழகு நிலைய வாசலில், வெயில் நேராக விழும் இடத்தில் நாற்காலி போட்டு, வெள்ளைத் தாடியை நிமிர்த்தி உட்கார்ந்திருக்கிறார் கடைக்காரியின் வீட்டுக்காரர். இரண்டு மணி நேரம் ஊறிக் கழுவிய தாடியில், கடைக்கு வாங்குமுன் சோதித்துப் பார்க்கப் பூசிய மூன்று மருதாணிப் பொடிகளும் மூன்று பட்டைகளாகப் பிடித்திருக்கின்றன: ஆரஞ்சு, செம்பு, அடர்சிவப்பு. மனைவி அவர் மோவாயைப் பிடித்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்க்கிறாள். பொடி வியாபாரி நாலாவது பொட்டலத்தை நீட்டுகிறார். "இது அஞ்சே நிமிஷத்துல கறுத்துடும்மா." மோந்து பார்த்ததும் மூடிவிடுகிறாள். "அப்படின்னா கெமிக்கல் மருந்து கலந்திருக்குண்ணே. இவர் தாடிக்கு ஆகாததை நான் யார் தலையிலயும் வைக்க மாட்டேன், யார் கையிலயும் போட மாட்டேன்." தெருவில் போகிற நண்பர் நின்று சிரிக்கிறார். "என்னய்யா, இது தாடியா கொடியா?" "கொடிதான். ஏத்தினது என் பொண்டாட்டி" என்று வீட்டுக்காரர் மோவாயை இன்னும் ஒரு விரற்கடை உயர்த்துகிறார்.