திருஷ்டிப் பொட்டு

போன் நம்மை வேவு பார்க்கிறதாம் என்று செய்தி வந்த அன்றே தணிகைவேலு உஷாராகிவிட்டார். இந்த மூஞ்சியை வேவு பார்த்து எவன் உருப்படப்போகிறான் என்ற சந்தேகம் அவருக்கே இருந்தது. இருந்தாலும் மனைவியின் ஸ்டிக்கர் பொட்டில் ஒன்றை உரித்து, போனின் கேமரா மேல் ஒட்டினார்.

“என்னங்க, போனுக்குத் திருஷ்டிப் பொட்டா? அப்படியே கன்னத்துலயும் ஒண்ணு வச்சிடுங்க,” என்றாள் பூங்கோதை.

மறுநாள் காலை அவள் காபி கலந்துகொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. ஏதோ ஒரு செருப்புக் கடை விளம்பரம். ‘இளவெயினிக்கு ஆறு வயதாகிவிட்டதே, போன வருஷத்து ஷூ கடிக்குமே?’

தணிகைவேலு அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தார். பிறந்து ஒரு பகல்கூடத் தங்காத மகளுக்கு அவர்கள் இருவரும் எடுத்து வைத்திருந்த பெயர் அது. எந்தத் தாளிலும் ஏறவில்லை. இந்த ஆறு வருஷத்தில் அவர்கள் தங்களுக்குள்கூட அதைச் சொல்லிக்கொண்டதில்லை.

அவள் பார்ப்பதற்குள் அழித்துவிட வேண்டும். எழவு வீட்டிலும் ஜோக்கடிக்கிற மனிதர்தான். இப்போது எதை அழுத்துவதென்றே தெரியவில்லை. காபியோடு வந்த பூங்கோதை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டாள்.

“அழிக்காதீங்க,” என்றாள். “எனக்கு மூணு வருஷமா வருது. போன வருஷம் பத்தாம் நம்பர் ஷூ. இப்ப பதினொண்ணு.”

அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கேமராவின் மேலிருந்த பொட்டை நகத்தால் மெல்லக் கிள்ளி எடுத்தாள்.

“இப்படி மறைச்சு வச்சா, அவ நம்மள எப்படிங்க பாப்பா?”