பாதிக் கோடு

பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட் வாசலில் உட்கார்ந்து அமுதவள்ளி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். மாமியார் வீரம்மா நாற்காலியில் ஏறி, நிலைப்படியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்து வீட்டு ரேமண்ட் ஒரு வாரமா நம்ம ஜன்னல்ல பேனாவால கோடு போடுறான். செய்வினைதான் இது."

"அவங்க சர்ச்சுக்குப் போறவங்க அத்தை."

"போனா? உன் மாமனார் கை தேறாததுக்கு அந்தக் கோடுதான் காரணம்."

ஜன்னலுக்கு உள்பக்கம் மாமனார் ரெங்கசாமியின் கட்டில். பக்கவாதம் வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார். பழக்காவிட்டால் வலது கை அப்படியே போய்விடும் என்று டாக்டர் சொல்லியும், ஸ்பூனைக்கூடத் தொட மாட்டேன் என்கிறார். அமுதவள்ளிதான் ஊட்டுகிறாள்.

காரிடாரில் செருப்புச் சத்தம். ரேமண்ட் வந்தான், கையில் டேப்லெட்டும் பேனாவும்.

"என்ன ஆன்டி, எலுமிச்சம்பழம்லாம்?"

"கொசுவுக்கு."

தலையாட்டிவிட்டு டேப்லெட்டை ஜன்னல் கட்டையில் வைத்தான். பேனாவால் நடுவிலிருந்து ஓரம்வரை ஒரு கோடு இழுத்தான்.

வீரம்மா நாற்காலியிலிருந்து இறங்கியே விட்டாள். "யாருக்குப்பா இந்தக் கோடு?"

"கனெக்‌ஷன் ஆன்டி. என்னோட பழைய டேப்லெட் உள்ளே இருக்கு. இதுல ஆரம்பிச்ச கோட்டை அதுல முடிச்சா ரெண்டும் சேர்ந்துக்கும். அப்புறம் டாம் காய் நகர்த்தி விளையாடலாம். நான் பாதிதான் போடுறேன். மீதிப் பாதி உள்ளே இருக்கிற ஆளு போடணும் லா."

"உள்ளே இருக்கிற ஆளா?" வீரம்மா மெல்ல மருமகள் பக்கம் திரும்பினாள். "வாயில்லாப் பூச்சி மாதிரி இருந்துக்கிட்டு, அடுத்த வீட்டு ஆம்பளையோட உனக்கு விளையாட்டு கேக்குதா?"

அமுதவள்ளி நிமிர்ந்தாள். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். பத்து விரலிலும் நெத்திலித் தலை.

ஜன்னலுக்குள்ளிருந்து ரெங்கசாமியின் குரல் வந்தது.

"ரேமண்ட், என் பாதியப் போட்டு எவ்வளவு நேரம் ஆச்சு. நீ சொன்ன மாதிரி வலது கையாலதான் போட்டேன். காயை அடுக்கு லா. இன்னைக்கு நான் விட மாட்டேன்."

வீரம்மா ஜன்னலைப் பார்த்தாள். ரேமண்டைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, இருந்து சாப்பிட்டுட்டுப் போ. நெத்திலி சம்பால்," என்றாள்.

அமுதவள்ளி இப்போது வாயைத் திறந்தாள். "அப்போ அந்தச் செய்வி…"

"அமுதா, இங்க வா. அந்தப் பழத்தை அவுத்துடு. கொசுவெல்லாம் போயிடுச்சு."