முதல் வரிசைத் தொப்பி

"அந்தம்மாவை யாருடி முதல் வரிசையில உட்கார வச்சது?"

திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபடி கேட்டாள் செவோன்.

நடீனும் எட்டிப் பார்த்தாள். செவோன் ராப் பாடுவாள், இசைத்தட்டு சுழற்றுவது நடீன். பள்ளிக்கூடத்திலிருந்தே இருவரும் இணைபிரியாத தோழிகள்.

முதல் வரிசையில், நட்டநடுவில் சிஸ்டர் யூனிஸ். ஊதாக் கோட்டு, மடியில் கைப்பை, கையில் குடை, தலையில் தேவாலயத்துக்குப் போடும் அகலமான தொப்பி.

"ஆன்ட்டி, தொப்பியைக் கொஞ்சம் கழட்டுங்க. மேடையே தெரியல" என்று பின்னால் இருந்த பையன்கள் கெஞ்சினார்கள்.

"தெரியலன்னா எழுந்து நில்லுங்க. வயசுப் பிள்ளைங்கதானே?"

அவர்கள் பேட்டையான ஹேண்ட்ஸ்வொர்த்தில் எல்லாருக்கும் தெரிந்த பழைய கதை ஒன்று உண்டு. பதினைந்து வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிஸ்டர் யூனிஸ் நடத்திய தேவாலயப் பாடகர் குழுவில் நின்ற செவோன் கீர்த்தனைக்கு நடுவே சொந்தமாக நாலு வரி கட்டி, குதிரை ஓட்டமாக ராப் பாடிவிட்டாள். "அங்கியைக் கழட்டி வச்சிட்டுக் கிளம்பு" என்று சபை நடுவில் சொல்லிவிட்டார் சிஸ்டர் யூனிஸ்.

"இன்னிக்கும் மானத்தை வாங்கத்தான் வந்திருக்காங்க. மாடியில லண்டன்காரர் வேற உட்கார்ந்திருக்காரு" என்றாள் செவோன்.

பர்மிங்காமில், சொந்த ஊரில், அவளுடைய முதல் பெரிய மேடை. கச்சேரிகள் ஏற்பாடு செய்யும் அந்த லண்டன்காரருக்குப் பிடித்துவிட்டால் நாடு முழுக்க ஊர் ஊராகப் பாடப் போகலாம். இல்லையென்றால் பழையபடி சூப்பர் மார்க்கெட் கல்லாப்பெட்டிதான்.

"அவங்களைப் பார்க்காதே. கூட்டத்துல எங்கேயாவது உன் மாப்பிள்ளை இருப்பான். அவனை நினைச்சுக்கிட்டுப் பாடு."

செவோனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முன்பெல்லாம் இருவரும் முடிதிருத்தும் கடை மாடியில், ஒரு குட்டி ரேடியோ நிலையத்தில், புதன்கிழமை சாயங்காலம் பாடுவார்கள். ஒரு வரி மனதுக்குப் பிடித்துவிட்டால் 'ரீலோட்' கேட்பது அங்கே வழக்கம். உடனே பாட்டை நிறுத்தி முதலிலிருந்து போடுவார்கள். ராப் பாடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை இல்லை. நேரில் இருப்பவர்கள் எதையாவது தட்டிக் கேட்பார்கள், ரேடியோ கேட்பவர்கள் மிஸ்டு கால் கொடுப்பார்கள்.

பல புதன்கிழமைகளில் மிஸ்டு கால் வந்தது ஒரே ஒரு எண்ணிலிருந்து மட்டும்தான். மழையோ பனியோ, அது தவறாது. இவர்கள் திருப்பிக் கூப்பிட்டால் உடனே கட் ஆகிவிடும்.

"வெட்கப்படறான் பாரு. உன்னைக் கட்டிக்கப் போறவன் இவன்தான்" என்று நடீன்தான் செவோனின் போனில் அந்த எண்ணுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் போட்டுவைத்தாள். ரேடியோ மூடியபிறகும் அந்தப் பெயரை அழிக்க செவோனுக்கு மனம் வரவில்லை.

நிகழ்ச்சி தொடங்கியது. முதல் இரண்டு பாட்டுக்கும் அரங்கம் அதிர்ந்தது. மூன்றாவது, புதுப்பாட்டு. மூச்சுவிட இடமில்லாத வேகம்.

பாதியில் செவோனின் கண் அந்தத் தொப்பியில் பட்டது.

அவ்வளவுதான். அடுத்த வரி மறந்துபோனது.

தாளம் மட்டும் ஓடியது. வாய் திறந்தபடி, மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிஸ்டர் யூனிஸ் எழுந்தார். குடையால் மேடைப் பலகையை ஓங்கித் தட்டினார். டம்! டம்! டம்!

"போச்சு" என்று முனகினாள் நடீன். காவலாளி ஒருவர் அவரைப் பிடிக்க ஓடி வந்தார்.

"ரீலோட்!" என்று கத்தினார் சிஸ்டர் யூனிஸ். "பிள்ளை என்னமா பாடுறா! முதல்ல இருந்து போடுடி நடீன்! ரீலோட்!"

ஒரு விநாடி அரங்கமே விழித்தது. பிறகு, தொப்பியைத் திட்டிக்கொண்டிருந்த அதே பையன்கள் நாற்காலியைத் தட்டினார்கள். "ரீலோட்! ரீலோட்!" கூரை பறந்துவிடும்போல இருந்தது.

நடீன் தட்டைச் சர்ரென்று பின்னால் இழுத்தாள். பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்தது. செவோன் மூச்சை நிறைய இழுத்துக்கொண்டாள். இந்தத் தடவை ஒரு சொல்கூடத் தப்பவில்லை.

மறந்து நின்றது யாருக்குமே தெரியவில்லை. லண்டன்காரர் எழுந்து நின்று கை தட்டினார். நிகழ்ச்சி முடிந்த அரைமணியில் மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு வந்து, "வர்ற மாசமே கிளம்பணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பின்னாலேயே இஞ்சி கேக் டப்பாவோடு வந்தார் சிஸ்டர் யூனிஸ். செவோன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"அழாதே, கோட்டுல கறை படும். முதல்ல சாப்பிடு. எலும்பும் தோலுமா நிக்கிறே."

"அப்ப அன்னிக்கு ஏன் ஆன்ட்டி என்னை அனுப்பினீங்க?"

"கர்த்தர் உனக்குக் குடுத்த நாக்கு அப்படி. உன் ஓட்டத்துக்கு எங்க குழு ஈடு குடுக்குமா? பிடிச்சு வச்சிருந்தா வாய மூடிக்கிட்டு மூணாவது வரிசையில நின்னிருப்பே."

நடீன் மூவரையும் சேர்த்து செவோனின் போனில் படம் எடுத்தாள். "நம்பர் சொல்லுங்க ஆன்ட்டி, அனுப்பறோம்."

"நம்பரெல்லாம் எதுக்கு? தபால்ல அனுப்பு."

"சும்மா சொல்லுங்க ஆன்ட்டி."

அவர் வேறு வழியில்லாமல் சொல்லச் சொல்ல, செவோன் எண்களை அழுத்தினாள். கடைசி எண் விழுந்ததும் திரையில் ஒரு பெயர் வந்து நின்றது.

மாப்பிள்ளை.

நம்ப முடியாமல் கூப்பிட்டுப் பார்த்தாள். சிஸ்டர் யூனிஸின் கைப்பைக்குள் மணி அடித்தது. நடீன் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆன்ட்டி! நீங்களா? அப்ப ஏன் ஒரு தடவைகூட போனை எடுக்கல?"

சிஸ்டர் யூனிஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"புதன்கிழமை சாயங்காலம் ஜெபக் கூட்டமாச்சே! காதுல மாட்டின இயர்போனை மறைக்க இந்தத் தொப்பி இருக்கு. பேச்சுச் சத்தத்தை எதைப் போட்டு மறைக்கிறது?"