கைக்கெட்டும் தூரம்

நர்ஸ் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள். அப்படியும் அப்பா கீழே விழுந்தார்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறும்போது முழங்கால் மடங்கிவிட்டது. மூலையில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த மகள் பதறி ஓடி வந்து சேர்ந்த பிறகுதான் நர்ஸின் கை முன்னால் நீண்டது.

நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நெற்றி மட்டும் புடைத்துக்கொண்டது.

இது முதல் தடவையும் இல்லை. முந்தின நாள் மருந்து பாட்டில் அந்த நர்ஸின் கையிலிருந்து நழுவி உடைந்தது. அப்பா தண்ணீர் கேட்டால், அது அவள் காதில் விழுந்து, திரும்பி, டம்ளரைத் தேடி எடுப்பதற்குள் அவருக்கு இருமலே வந்துவிடும். ராத்திரியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் பகலில் இப்படித்தான் என்றாள் பக்கத்து அறை அம்மாள். அண்ணன் அவளுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டான், ஸ்லோமோஷன் என்று.

அந்த நர்ஸை மாற்றச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தவனும் அவன்தான். அப்பா அவனோடுதான் இருக்கிறார். அவருடைய டாக்டர், மருந்து, மாத்திரை எல்லாம் அவன் பொறுப்பு. வெளியூரிலிருந்து லீவு போட்டு வந்திருந்த மகள்தான், போனால் போகிறது, சின்னப் பெண் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். இனிமேல் அவளுக்கும் பொறுமை இல்லை. நேராக ஹெட் நர்ஸின் அறைக்குப் போனாள்.

ஹெட் நர்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அதனாலேயே மகளின் குரல் ஏறிக்கொண்டே போனது. விழுகிற மனுஷனைப் பிடிக்கத் தெரியாதவளுக்கு இந்த வேலை எதற்கு என்றாள். மேலிடத்தில் புகார் கொடுக்காமல் விடப்போவதில்லை என்றாள்.

"கொடுங்க. உங்க இடத்துல நான் இருந்தாலும் கொடுப்பேன்," என்றாள் ஹெட் நர்ஸ். "ஆனா தப்பு என்னோடது. அவளை இப்ப டூட்டியில போட்டிருக்கக் கூடாது. ஆள் இல்லைன்னு போட்டுட்டேன்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"மாத்திரை சாப்பிடுறா. வைரஸைத் தடுக்கிற மாத்திரை. சிலருக்கு அதுல தலை கிறுகிறுக்கும், கை கால் சட்டுனு ஓடாது. இவளுக்கு அப்படித்தான் ஆகியிருக்கணும்."

"அப்படிப்பட்டவளை எங்கப்பா பக்கத்துல விட்டிருக்கீங்களே, அவருக்கு ஏதாவது ஒட்டிக்கிட்டா?"

ஹெட் நர்ஸ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள்.

"போன வாரம், நீங்க வர்றதுக்கு முன்னால, டிரிப்ஸுக்காக நரம்புல ஊசி ஏத்துறப்ப உங்கப்பா கையை உதறிட்டார். அவர் கையில குத்தின ஊசி இவ விரல்லயும் இறங்கிடுச்சு. அப்படி ஆனா முன்ஜாக்கிரதைக்கு ஒரு மாசம் இந்த மாத்திரையை விடாம சாப்பிடணும்."

மீதியையும் ஹெட் நர்ஸே சொன்னாள்.

அப்பாவுக்குத் தொற்று ஏதாவது உண்டா என்று அண்ணனிடம் அன்றைக்கே கேட்டார்களாம். ரத்தம் எடுத்துப் பார்க்கவும் அனுமதி கேட்டார்களாம். கௌரவமான குடும்பத்திடம் கேட்கிற கேள்வியா இது என்று அவன் குதித்தானாம். அதற்குமேல் டாக்டரும் வற்புறுத்தவில்லை.

"அவ கைக்குழந்தைக்காரி," என்றாள் ஹெட் நர்ஸ். "குழந்தையைத் தூக்கவே பயமா இருக்கு சிஸ்டர், கை நழுவிடுமோன்னு நேத்து என்கிட்ட அழுதா."

மகள் புகாரைப் பற்றி மேற்கொண்டு பேசாமல் எழுந்து வந்தாள்.

அறையில் அந்த நர்ஸ் அப்பாவின் நெற்றியில் ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஐஸ் பையை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"மன்னிச்சிடுங்கக்கா. பிடிக்கணும்னு நினைச்சேன். அதுக்குள்ள விழுந்துட்டார்."

மகளால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்தாள். எதிரே அண்ணன் வந்துகொண்டிருந்தான். அப்பா விழுந்த விஷயம் அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது.

"ஸ்லோமோஷனை மாத்தியாச்சா?"

அவ்வளவுதான். ஊசி, மாத்திரை, கைக்குழந்தை, எல்லாவற்றையும் அவன் முன்னால் கொட்டித் தீர்த்தாள். சின்ன வயதிலிருந்தே உனக்கு வறட்டுக் கௌரவம்தான் பெரிசு என்றாள். அவன் வராந்தாவின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான்.

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லைன்னு ஒரு டெஸ்ட்ல தெரிஞ்சிருக்கும். உன் வீம்பால அந்தப் பொண்ணு பெத்த குழந்தையைத் தூக்கப் பயந்துக்கிட்டு இருக்கா. இப்பவே போய் நான் சம்மதம் சொல்றேன், ரத்தம் எடுத்துக்கட்டும். அந்த மாத்திரையையும் இன்னியோட நிறுத்தச் சொல்லிடறேன்."

திரும்பியவளின் மணிக்கட்டை அண்ணன் பிடித்தான். துடைப்பத்தோடு வந்த ஆயா அவர்களைக் கடந்து போகிறவரை பேசாமல் நின்றான். பிறகு அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"டெஸ்ட்டெல்லாம் வேண்டாம். அந்தப் பொண்ணு மாத்திரையை நிறுத்த வேண்டாம்."