பதினோரு செகண்ட்

பகல் காட்சி. கடைசி வரிசையில் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் இயக்குநர். இருபது வருடம் கழித்து மறுபடி வெளியாகும் தன் படத்தில், ஒரே அழுகாச்சி என்று ஒரு காட்சியை அவரே வெட்டியிருக்கிறார். “பதினோரு செகண்ட்தான் சார், ஒருத்தருக்கும் தெரியாது” என்று காதோரம் சொல்கிறார் எடிட்டர். மறுபக்கத்து இருக்கையில், மடியில் ஹெல்மெட்டோடு ஒரு பெண். திரையில் மகள் பெட்டியைத் தூக்குகிறாள். அடுத்த நொடியே பேருந்தில் இருக்கிறாள். வாசலில் அப்பா பேசுகிற அந்தக் காட்சி இல்லை. அரங்கில் ஏசி இரைவது மட்டும் கேட்கிறது. பிறகு முன்வரிசையில் யாரோ அப்பாவின் வசனத்தைத் தொடங்க, நானூறு தொண்டைகள் சேர்ந்துகொள்கின்றன, அப்பாவின் அதே தணிந்த குரலில், அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தி. பேருந்து சன்னலின் வெளிச்சம் அத்தனை முகங்களின் மேலும் ஓடுகிறது. தன்னையறியாமல் இயக்குநரின் வாயும் அசைகிறது: “சாவியை வெச்சுட்டுப் போ…” ஹெல்மெட்காரப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் கையைத் தட்டுகிறாள். “வெச்சுட்டு இல்ல சார், எடுத்துட்டு. ‘சாவியை எடுத்துட்டுப் போ. எப்ப வந்தாலும் நீயே திறந்துக்க.’ தெரியலைன்னா சும்மா இருங்க.”