ஓசி வேலை

"பொண்ணைத் தர முடியாது ஈஸ்வரி. தட்டை எடுத்துக்கினு போ."

கூடப் பிறந்த தங்கச்சி கொண்டுவந்த தாம்பூலத் தட்டை ஒரே தள்ளாகத் தள்ளினார் ரங்கசாமி. புதூர்நாட்டில் புளி மண்டி வைத்திருப்பவர். வீட்டு முன்பக்கமே மண்டி. அந்தக் கெத்து வேண்டாமா!

"என் பையனுக்கு இன்னாண்ணா குறை? முறைப் பையன். ரம்யாவும் அவனைத்தான் கட்டிக்குவேன்னு நிக்கிறா."

"பகல்ல சாமை வெதைக்கிறான், சரி. சாயங்காலமானா சிக்னல் கிடைக்கிற பாறை மேல லேப்டாப்போட குந்திக்கிறானே, அது இன்னா வேலை?"

ஓரமாக நின்ற சின்னராஜ் மெல்லச் சொன்னான்.

"கம்பெனிக்காரன் கைவிட்ட பழைய பிரிண்டர் மாமா. கம்ப்யூட்டர்ல புது அப்டேட் வந்தா அது நின்னுடும். திரும்ப ஓடறதுக்கு டிரைவர் சாஃப்ட்வேர் எழுதி நெட்ல போடறேன்."

"எவ்ளோ தர்றான்?"

"ஓசிதான் மாமா."

"கேட்டியா ஈஸ்வரி! செத்துப்போன மிஷினுக்கு சோறு ஊட்டறான், அதுவும் ஓசியில!"

வாசலில் புளி ஏற்றிய வேன் பில்லுக்காக நின்றது. உள்ளே ரம்யா பில் போட, கர்ர்ர் கர்ர்ர் என்று பிரிண்டர் சத்தம்.

"அதைக் கேளு. ரம்யா பால்வாடி போகும்போது வாங்குனது. இன்னிக்கு வரைக்கும் மக்கர் பண்ணதில்ல. என் கை ராசி!"

சின்னராஜ் தலை குனிந்துகொண்டான்.

ரங்கசாமி விடுவாரா?

"உலகத்துல எந்த மூதேவிடா இன்னும் நீ சொல்ற ஓட்டை பிரிண்டரை வெச்சிக்கினு இருக்கான்? ஒருத்தனைக் காட்டு, இப்பவே பொண்ணைத் தர்றேன்!"

பில்லைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தாள் ரம்யா.

"நீதாம்பா."

"இன்னாது?"

"போன மாசம் நம்ம பிரிண்டர் நின்னுபோச்சி. நீ ஆலங்காயம் போய்ட்டு வர்றதுக்குள்ள இவருதான் எழுதி ஓட வெச்சாரு. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். 'மாமா கை ராசின்னு பெருமையா சொல்லிக்குது, இருந்துட்டுப் போகட்டும், சொல்லாத'ன்னுட்டாரு."

வேன்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்போ... இவன் நிறுத்திட்டா?"

"புது பிரிண்டர் வாங்கணும்பா."

ரங்கசாமி பாய்ந்து வந்தார். தங்கச்சி கையிலிருந்த தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்புறம் சின்னராஜ் காதோரம் குனிந்தார்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் ஓசிதானே, மாப்ளே?"